கம்பம் பள்ளத்தாக்கின் எலியும் ஆய்வகச் சுண்டெலியும்: செப்சிஸ் ஆய்வில் விலங்கு மாதிரிகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

செப்சிஸ் ஆய்வில் மனிதனுக்கு மாற்றாக நிறுத்தப்படும் விலங்கு, மனிதனைப் பற்றி எந்த அளவுக்குச் சான்று கூற இயலும் என்னும் வினா, மனிதமயச் சுண்டெலிகள் உருவான பின்னர் எழுந்ததன்று. பிளேக் நோயை முன்னிட்டு 1896 முதல் இந்தியாவில் நிகழ்ந்த ஆய்வுகளிலேயே அவ்வினா வெவ்வேறு வடிவங்களில் எழுந்துள்ளது. பம்பாய்ப் பரேல் ஆய்வகம், கிண்டி கிங் நிலையம், கம்பம் பள்ளத்தாக்கின் பிளேக் விசாரணை ஆகியவற்றில் எலியும் கினிப்பன்றியும் சுண்டெலியும் ஏற்ற வெவ்வேறு பணிகளை இக்கட்டுரை பிரித்துக் காட்டுகிறது. ஒரு பணிக்குப் பொருந்திய விலங்கை மற்றொரு பணிக்கும் பொருந்துவதாகக் கருதியமையே பின்னாளைய செப்சிஸ் ஆய்வின் பல ஏமாற்றங்களுக்குக் காரணம் என்பதும், பிளேக் நுண்ணுயிரியைக் கொண்டு 2012இல் நிகழ்ந்த மனிதமயச் சுண்டெலி ஆய்வு அப்பிழையைத் தவிர்த்த முறையும் இதில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செப்சிஸ், பிளேக், கம்பம் பள்ளத்தாக்கு, விலங்கு மாதிரி, மனிதமயச் சுண்டெலி, தெள்ளுப்பூச்சி, அகநச்சு.

முன்னுரை

போடிநாயக்கனூரிலிருந்து தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிச் செல்லும் சாலையில் தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. இவ்வூர்களுக்கு மேற்கே எழும் சரிவுகளின் உச்சியில் ஏலமலை தொடங்குகிறது. கிழக்கே வருசநாட்டு மலை. இரண்டிற்கும் இடைப்பட்ட கம்பம் பள்ளத்தாக்கு, 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர் நெல் விளையும் நிலமாக விரிந்தது. ஏலத்தோட்டங்களில் உழைத்தோருக்கான அரிசியும் தவசமும் இங்கிருந்தே மெட்டுப் பாதைகளின் வழியாகத் தலைச்சுமையாகவும் பொதிமாடுகளிலும் மேலே சென்றன. ஏலக்காய் கீழே இறங்கியது. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை இருப்புப்பாதை வந்தது. தவசம் சேரும் இடத்தில் எலி சேரும். எலியோடு தெள்ளுப்பூச்சியும் வரும்.

பிளேக் தென்னிந்தியாவில் நிலைகொண்ட இடங்களுள் ஒன்றாக இப்பள்ளத்தாக்கு மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ளது. பி.வி. ஜார்ஜ், டபிள்யூ.ஜே. வெப்ஸ்டர் ஆகிய இருவரும் இங்கு நடத்திய பிளேக் விசாரணையின் அறிக்கை 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. பிளேக் நூல்களில் ‘கம்பம் பள்ளத்தாக்கு’ என்னும் பெயர் இன்றும் தென்படுவதற்கு அந்த அறிக்கையே முதற்காரணம்.

பிளேக்கைச் செப்சிஸ் வரலாற்றோடு இணைப்பது வலிந்து பொருத்துவதன்று. தொற்றை எதிர்கொள்ளும் உடலின் எதிர்வினை நிலைதடுமாறி, அதனால் உறுப்புகள் செயலிழந்து உயிருக்கு இடர் நேரும் நிலையே செப்சிஸ் என 2016இல் வெளியான பன்னாட்டு வரையறை கூறுகிறது. பிளேக் நுண்ணுயிரி தெள்ளுக்கடியின் வழியே தோலில் புகுந்து, அருகிலுள்ள நிணநீர்க்கணுவை அடைந்து அதனை வீங்கச் செய்கிறது. ‘நெறி கட்டுதல்’ எனத் தமிழர் வழங்கும் அந்நிலையோடு நோய் நிற்பதில்லை. சிகிச்சை கிட்டாதபோது நுண்ணுயிரி குருதியில் கலக்கிறது, சிறு குருதிக்குழாய்களில் குருதி உறைகிறது, விரல்நுனிகள் கறுக்கின்றன, குருதியழுத்தம் வீழ்கிறது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவில் செப்சிஸ் எனப் பதிவாகும் நிலை இதுவே. உலகளவில் 2017இல் மட்டும் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேர் செப்சிசுக்கு ஆளாகி 1 கோடியே 10 இலட்சம் பேர் இறந்தனர் என்பது 2020இல் வெளியான மதிப்பீடு. ஆயினும் உடலின் நிலைதடுமாறிய எதிர்வினையையே நேராகச் சீர்செய்யும் மருந்து எதுவும் இன்றுவரை நிலைபெறவில்லை. விலங்குகளில் வென்ற மருந்துகள் மனிதரிடம் தோற்றன. அத்தோல்வியின் வேர்களைத் தேடுவோர் பிளேக் ஆய்வகங்களின் காலத்திற்கே திரும்ப வேண்டியுள்ளது.

சொல் குறித்து ஒரு விளக்கம்

தமிழில் ‘எலி’ என்னும் ஒரு சொல்லே இருவேறு விலங்கினங்களைக் குறிக்கிறது. வீட்டுக் கூரையிலும் கிட்டங்கியிலும் வாழும் எலி வேறு. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சுண்டெலி வேறு. நாளிதழ்கள் ‘எலிகளிடம் சோதனை வெற்றி’ எனச் செய்தி வெளியிடும்போது எந்த எலி என்பது பெரும்பாலும் தெளிவாவதில்லை. வேளாண் நூல்கள் ‘வெள்ளெலி’ எனக் குறிப்பது வெண்ணிற ஆய்வக எலியையன்று, வயல்வெளிகளில் வளை தோண்டி வாழும் வேறோர் இனத்தை. வட இந்தியாவில் பிளேக் மனிதரை விட்டு நீங்கியிருந்த காலத்தும் அந்நுண்ணுயிரியைத் தாங்கியிருந்தவற்றுள் அந்த இனமும் ஒன்று. இக்கட்டுரையில் வீட்டெலி ‘எலி’ எனவும், ஆய்வகச் சிற்றினம் ‘சுண்டெலி’ எனவும் வழங்கப்படுகின்றன. இவ்வேறுபாடு மொழித்தூய்மை பற்றியதன்று; கீழே காணவிருக்கும் ஆய்வுச்சிக்கலின் ஒரு பகுதியே அதில் அடங்கியுள்ளது.

பரேலின் கினிப்பன்றிகள்

1894இல் ஆங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் பிளேக் நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தபோதே, அதனைச் சுண்டெலிகளிலும் கினிப்பன்றிகளிலும் செலுத்தி அவை இறப்பதைக் கண்டார். இங்கு விலங்கின் பணி அடையாளம் காட்டுவது. நோயாளியின் நெறிக்கட்டியிலிருந்து எடுத்த நீர் கினிப்பன்றியைக் குறிப்பிட்ட உறுப்பு மாற்றங்களுடன் கொல்லுமாயின் நோய் பிளேக் என்பது உறுதியாகும். 1897இல் பம்பாய்க்கு வந்த ஆஸ்திரியக் குழுவைச் சேர்ந்த அல்பிரெக்ட், கோன் ஆகியோர், கினிப்பன்றியின் வயிற்று மயிரை மழித்து அத்தோலில் ஐயத்திற்குரிய பொருளைத் தேய்க்கும் முறையை வகுத்தனர். மற்ற நுண்ணுயிரிகள் கலந்து அழுகிய பொருளிலிருந்தும் பிளேக் நுண்ணுயிரி மட்டும் தோலைக் கடந்து உட்புகும். சான்றுப்பொருள் பழுதுபட்ட நிலையிலேயே ஆய்வகத்தை அடையும் வெப்பநாட்டில் இம்முறையின் பயன் பெரிது.

அக்குழு வியன்னாவிற்குக் கொண்டு சென்ற நுண்ணுயிரியால், 1898 அக்டோபரில் அங்கு விலங்குகளைப் பேணிய பணியாளர் பாரிஷ் இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் ஹெர்மன் முல்லரும் செவிலியர் ஒருவரும் அடுத்து இறந்தனர். விலங்குச் சோதனைகளின் வரலாற்றில் கூண்டைக் கழுவியவர்களின் பெயர் இடம்பெறுவது அரிது. பாரிஷின் பெயர் எஞ்சியது அவர் இறந்தமையால்தான்.

அதே 1898இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் செய்த சோதனை விலங்கிற்கு இரண்டாவது பணியொன்றைத் தந்தது. கண்ணாடிச் சாடியொன்றில் தெள்ளுப்பூச்சிகள் மொய்த்த, பிளேக் கண்ட எலியை இட்டு, அதனைத் தொட இயலாதவாறு கம்பிவலைக் கூண்டில் நல்ல எலியொன்றைத் தொங்கவிட்டார். நோயுற்ற எலி இறந்த சில நாள்களில் கூண்டிலிருந்த எலியும் பிளேக்கால் இறந்தது. தொடுகையின்றி நோய் பரவியதெனின் இடையில் தாவியது தெள்ளுப்பூச்சியே. எனினும் அன்றைய இந்தியப் பிளேக் ஆணைக்குழு இம்முடிவை ஏற்கவில்லை.

1905இல் அமைந்த புதிய ஆய்வுக்குழு பரேலில் இதனை மீண்டும் தொடங்கியது. பிளேக் கண்ட வீடுகளில் கினிப்பன்றிகள் உலவவிடப்பட்டன. மனிதர் வெளியேறிய வீட்டில், எலி செத்த பிறகு பசித்திருந்த தெள்ளுப்பூச்சிகள் அவற்றின்மேல் ஏறின. தரையில் திரிந்தவை நோயுற்றன. 2 அங்குல உயரத்தில் வைத்த கூண்டுகளிலிருந்தவையும் நோய்க்கு ஆளாயின. 2 அடி உயரத்தில் தொங்கியவை தப்பின. காற்றே நோய்க்குக் காரணமாயின் இரண்டடி உயரம் காத்திருக்காது. தெள்ளுப்பூச்சியால் அவ்வுயரத்திற்குத் தாவ இயலாது என்பதே விடை.

இச்சோதனைகளில் கினிப்பன்றி மனிதனுக்குப் பதிலியாக நிறுத்தப்படவில்லை என்பது கருதத்தக்கது. அது தெள்ளுப்பூச்சியைப் பிடிக்கும் பொறி. நோயுற்ற கினிப்பன்றியின் உடலில் நிகழ்வது மனிதனிடம் நிகழ்வதை ஒத்ததா என்பது பற்றிப் பரேல் குழு கவலை கொள்ளத் தேவையே எழவில்லை. கேட்கப்பட்ட வினா நோய் எவ்வழியே வருகிறது என்பது மட்டுமே. அதற்கு அவ்விலங்கு பிழையின்றி விடை தந்தது.

எந்த ஊர் எலி?

இக்குழுவினரின் மற்றொரு கண்டுபிடிப்பு அக்காலத்தில் உரிய கவனம் பெறவில்லை. பம்பாயில் பிடித்த எலிகளுக்குப் பிளேக் நுண்ணுயிரியைச் செலுத்தியபோது அவற்றுள் பெரும்பாலானவை பிழைத்தன. பிளேக் நிலைகொள்ளாத சென்னை போன்ற நகரங்களின் எலிகளோ அதே அளவிற்குத் தாங்காமல் மடிந்தன. இனம் ஒன்றே, ஊர்தான் வேறு. பம்பாயில் ஆண்டுதோறும் எளிதில் மாள்பவை மாண்டு, தாங்குபவை எஞ்சியிருந்தன. 1930களில் ஹாஃப்கின் நிலையத்தின் சாகிப் சிங் சோக்கியும் சித்ரேயும் இந்திய நகரங்கள் பலவற்றின் எலிகளைக் கொண்டு இதனை விரிவாக உறுதிப்படுத்தினர். ஒரு விலங்கு தன் இனத்தின் இயல்பை மட்டும் சுமப்பதில்லை, தான் வாழ்ந்த ஊரின் நோய் வரலாற்றையும் சுமக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை.

ஊரின் இயல்பு எலியோடு முடியவில்லை. இந்தியாவின் எலித்தெள்ளு ஒரே இனம் என்னும் கருத்து முதலில் நிலவியது. சேனோப்சில்லா கியோப்பிசு 1903இலும் சேனோப்சில்லா ஆசுத்தியா 1911இலும் ரோத்சைல்டால் விவரிக்கப்பட்டன. கொழும்பு நகர நுண்ணுயிரியலாளர் எல்.எப். ஹேர்ஸ்ட், இரண்டையும் பிரித்து நோக்கி, ஆசுத்தியா மிகுந்த இடங்களில் பிளேக் வேரூன்றுவதில்லை எனக் கூறினார். சென்னை மாகாணத்தில் இக்கருத்தைச் சோதித்தவர்கள் கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த எச்.எச். கிங்கும் சி.ஜி. பண்டிட்டும் ஆவர். மாகாணம் முழுவதும் எலிகளைப் பிடித்துத் தெள்ளுப்பூச்சிகளை எண்ணி, தட்பவெப்பத்தோடும் பிளேக் வரலாற்றோடும் ஒப்பிட்ட அவர்களின் தொகுப்பு 1931இல் வெளிவந்தது. (நிலையம் பெயர் பெற்றது டபிள்யூ.ஜி. கிங் என்னும் வேறொருவரால். இரு கிங்குகளையும் ஒருவராகக் கொள்ளும் பிழை தமிழ்க் கட்டுரைகளில் உண்டு.) வெப்பம் மிக்க கரையோரச் சமவெளியில் ஆசுத்தியாவும், குளிர்ச்சி சற்றுக் கூடிய உள்நாட்டில் கியோப்பிசும் ஓங்கியிருந்தன.

இதன் காரணம் 1914இலேயே ஓரளவு விளங்கியிருந்தது. இலண்டன் இலிஸ்டர் நிலையத்தில் பேக்கட்டும் மார்ட்டினும், தெள்ளுப்பூச்சியின் முன்குடலில் பிளேக் நுண்ணுயிரிகள் பெருகி அடைப்பாக மாறுவதைக் கண்டனர். அடைப்புற்ற தெள்ளு எவ்வளவு உறிஞ்சினும் பசி தீராது. மீண்டும் மீண்டும் கடிக்கும். உறிஞ்சிய குருதி நுண்ணுயிரிகளோடு கடிவாயிலேயே திரும்பக் கக்கப்படும். வெப்பம் கூடும்போது இவ்வடைப்பு நிலைப்பதில்லை. கோடையில் பம்பாயின் பிளேக் தணிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஜார்ஜும் வெப்ஸ்டரும் கம்பம் பள்ளத்தாக்கிற்கு வந்தது இந்தப் பின்புலத்தில்தான். இருபுறமும் மலை சூழ, தென்மேற்குப் பருவக்காற்றின் குளிர்ச்சி மலையிடைவெளியில் இறங்கும் இப்பள்ளத்தாக்கு, மதுரைச் சமவெளியிலிருந்து வேறுபட்டது. ஆய்வகத்தின் ஒரு விலங்கு சொல்லக்கூடியதன்று அங்கு வேண்டப்பட்ட செய்தி. அவ்வூர்களின் எலியும் அவ்வெலிகளின் தெள்ளும் அவ்வீடுகளின் தட்பமும் சேர்ந்தே அதைச் சொல்ல இயலும். இன்றைய பொருளில் இது ‘விலங்கு மாதிரி’ அன்று. ஆயினும் ஆய்வகத்தார் மறந்த ஒன்றை இக்கள ஆய்வு முறை நினைவில் வைத்திருந்தது: நோய் என்பது நுண்ணுயிரி, விலங்கு, சூழல் மூன்றும் கூடும் இடத்து நிகழ்வது.

சுண்டெலி அரியணை ஏறுதல்

1932இல் ஹாஃப்கின் நிலையத்தின் இயக்குநரான சோக்கியின் தேவை முற்றிலும் வேறு. 1897இல் வால்டெமர் ஹாஃப்கின் தன் உடலிலேயே செலுத்திச் சோதித்த பிளேக் தடுப்பூசி, அதன்பின் இலட்சக்கணக்கில் உற்பத்தியானது. ஒரு தொகுதி மற்றொரு தொகுதிக்கு நிகரான வலிமையுடையதா என்பதை அளக்க நம்பகமான வழி வேண்டியிருந்தது. காட்டெலி இதற்கு உதவாது. அதன் வரலாறு ஒவ்வொன்றிலும் வேறு. கினிப்பன்றி பெரியது, செலவு மிக்கது. சோக்கி தேர்ந்தது வெண்சுண்டெலி. சீராக வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் எத்தனை நுண்ணுயிரிகள் கொல்லும் என்பதை அவர் எண்ணிக் கணக்கிட்டார். மிகச் சில போதுமானவையாக இருந்தன. 1939இல் வெளிவந்த அவருடைய ஆய்வுத்தொடர் பிளேக் ஆய்வில் சுண்டெலியை அளவுகோலாக்கியது. தடுப்பூசியைத் தரப்படுத்தவும், சல்பா மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடவும் அச்சுண்டெலி பயன்பட்டது. 1941இல் வாக்ளே, சோக்கி முதலியோர் வெளியிட்ட மருந்தாய்வில் சல்பாதயசோல் முதலிய மருந்துகள் பிளேக்கிற்கு எதிராகப் பயன்தருவது காட்டப்பட்டது.

இது பெரும் வெற்றி. நுண்ணுயிரியைக் கொல்லும் மருந்தைச் சோதிக்கச் சுண்டெலி தகுந்த விலங்கே. மருந்து வேலை செய்ய வேண்டியது நுண்ணுயிரியின்மேல். நுண்ணுயிரி சுண்டெலியிலும் மனிதனிலும் ஒன்றே. இதற்குப் பின்னர் வந்த ஸ்ட்ரெப்டோமைசினும் இவ்வழியிலேயே பிளேக்கை வென்றது. டி.டி.டி. தெள்ளுப்பூச்சியைக் குறைத்தது. 1966இல் கருநாடகத்தின் கோலார்ப் பகுதியில் பதிவானதற்குப் பின், 1994 வரை இந்தியாவில் மனிதரிடம் பிளேக் பதிவாகவில்லை.

சிக்கல் தொடங்கியது, மருந்து உடலின் எதிர்வினையின்மேல் வேலை செய்ய வேண்டியபோது. அதற்கான எச்சரிக்கையும் பிளேக் ஆய்விலிருந்தே வந்தது. பிளேக் நுண்ணுயிரியிலிருந்து 1950களில் தூய்மையாக்கப்பட்ட நச்சொன்று, மிகக் குறைந்த அளவிலேயே சுண்டெலிகளைக் கொன்றது. பிளேக்கின் கொடுமைக்கு இதுவே காரணம் எனக் கருத இடமிருந்தது. ஆனால் அதே நச்சு கினிப்பன்றியையும் முயலையும் குரங்கையும் அவ்வாறு தாக்கவில்லை. எலிக்கும் சுண்டெலிக்கும் மட்டுமே நஞ்சாகும் பொருள் என்பதால் அது ‘சுண்டெலி நச்சு’ எனவே பெயர் பெற்றது. இச்செய்தியின் முழுப்பொருள் 2002இல்தான் வெளிப்பட்டது. அந்நச்சு உண்மையில் கொழுப்பைச் சிதைக்கும் நொதி என்றும், தெள்ளுப்பூச்சியின் குடலில் நுண்ணுயிரி உயிர்பிழைக்க அது இன்றியமையாதது என்றும் ஜோசப் ஹின்னெபுஷ் குழுவினர் காட்டினர். அதனை நீக்கிய நுண்ணுயிரியாலும் சுண்டெலிக்குப் பெரும்பாலும் முன்போன்றே நோய் வந்தது. ஆனால் தெள்ளின் குடலில் அதனால் நிலைக்க இயலவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் சுண்டெலியின் இறப்பை நோக்கியோர் காணாத விடை, பரேலும் கம்பமும் எண்ணிக்கொண்டிருந்த தெள்ளுப்பூச்சிக்குள் இருந்தது.

வென்ற மருந்துகள் தோற்ற காலம்

பொதுவான செப்சிஸ் ஆய்வு இந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் வளர்ந்தது. நுண்ணுயிரியின் புறச்சுவரிலுள்ள அகநச்சைச் சுண்டெலிக்குச் செலுத்தி அதிர்ச்சிநிலையை உண்டாக்குவது எளிய முறை. ஆனால் தன்விருப்பில் முன்வரும் மனிதருக்குக் கிலோவிற்கு 2 முதல் 4 நானோகிராம் அகநச்சே காய்ச்சலை வருவிக்கும்; சுண்டெலியைக் கொல்லக் கிலோவிற்கு மில்லிகிராம் அளவில் வேண்டும். 1979-80இல் விக்டர்மன், பௌ, சௌத்ரி ஆகியோர் அமெரிக்காவில் வகுத்த முறை இதனினும் நோய்க்கு நெருக்கமானது: குடல்வாலருகே உள்ள பெருங்குடலின் முதற்பகுதியைக் கட்டித் துளையிட்டு, குடலின் நுண்ணுயிரிகளைக் கொண்டே விலங்கிற்குச் செப்சிஸ் வருவிப்பது. உலகெங்கும் இன்றும் மிகுதியாகப் பயன்படுவது இதுவே.

இவ்விலங்குகளில் பயன்தந்த, அகநச்சையும் உடலின் அழற்சிச் செய்திப்பொருள்களையும் தடுக்கும் எதிர்ப்பொருள்கள், 1990களின் மருத்துவச் சோதனைகளில் உயிரிழப்பைக் குறைக்கத் தவறின. 2001இல் ஒப்புதல் பெற்ற செயலூக்கப்பட்ட புரதம்-சி மருந்து 2011இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 2013இல் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று, காயம், தீப்புண், அகநச்சு ஆகியவற்றின்போது மனிதரிடம் மாறும் மரபணுச் செயல்பாட்டையும் சுண்டெலியிடம் மாறுவதையும் ஒப்பிட்டு, இரண்டிற்கும் ஏறத்தாழத் தொடர்பே இல்லை என்றது. அதே தரவுகளை வேறு முறையில் அலசிய சப்பானிய ஆய்வாளர் இருவர் 2015இல் ஒற்றுமை மிகுதி என்றனர். இப்பூசலில் இரு தரப்பும் ‘சுண்டெலி மனிதனை ஒத்ததா’ என்றே வினவின. எதற்கு ஒத்தது என்னும் வினாவை முன்வைத்திருப்பின் பூசலின் பெரும்பகுதி எழுந்திராது.

2016இல் மின்னசோட்டா ஆய்வாளர்கள் கூறியது மேலும் கருதத்தக்கது. வளர்ப்புவிலங்குக் கடைச் சுண்டெலிகளோடு ஆய்வகச் சுண்டெலிகளைச் சேர்த்து வளர்த்தபோது, பின்னவற்றின் நோயெதிர்ப்பு மண்டலம் பச்சிளங்குழந்தையின் நிலையிலிருந்து வளர்ந்த மனிதரின் நிலையை நோக்கி மாறியது. தூய கூண்டில் வளர்ந்த விலங்கிற்கு நோய் வரலாறு இல்லை என்பதே அதன் குறை. பம்பாய் எலிக்கும் சென்னை எலிக்கும் இடையில் முந்தைய நூற்றாண்டிலேயே கண்ட வேறுபாடு, புதிய கருவிகளோடு மீண்டும் கண்டறியப்பட்டது எனலாம்.

மனிதமயச் சுண்டெலி

1983இல் பிலடெல்பியாவில் மெல்வின் போஸ்மா, நிணநீர்ச்செல்கள் உருவாகாத குறைபாடுடைய சுண்டெலிகளைக் கண்டறிந்தார். அயல் திசுவை விலக்கும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. 1988இல் அமெரிக்காவின் இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே அவற்றுள் மனித நோயெதிர்ப்புச் செல்களை நிலைநிறுத்தின. 2002இல் சப்பானிலும் 2005இல் அமெரிக்காவிலும் மேலும் ஒரு மரபணு நீக்கப்பட்ட இனங்கள் உருவாயின. தொப்புள்கொடிக் குருதியிலிருந்து பெற்ற மனிதக் குருத்தணுக்கள் அவற்றின் எலும்பு மச்சையில் வேரூன்றி மனித நிணநீர்ச்செல்களைப் பெருக்கின. 2009இல் செயின்ட் லூயி நகரின் உன்சிங்கர், ஹாட்ச்கிஸ் முதலியோர் இத்தகைய சுண்டெலிகளில் குடல் துளையிடும் முறையால் செப்சிஸ் வருவித்தனர். செப்சிஸ் நோயாளரிடம் காணப்படுவது போன்றே, சுண்டெலிக்குள்ளிருந்த மனித நிணநீர்ச்செல்களும் தம்மைத்தாமே அழித்துக்கொண்டன.

இதன் வரம்புகளும் வெளிப்படையானவை. செல் மனிதனுடையது, அது உலவும் குருதிக்குழாய், அதற்குக் கட்டளையிடும் ஈரல், அது வாழும் குடல் யாவும் சுண்டெலியினுடையவை. செப்சிசில் முதலில் பாயும் வெள்ளணு வகை மனிதரின் குருதியில் மிகுதி. இச்சுண்டெலிகளின் குருதியில் மனித வகை மிகக் குறைவாகவே உலவுகிறது. இவ்வினங்களின் மூலமான ஒருவகைச் சுண்டெலிக்கு, நுண்ணுயிரியைத் துளைக்கும் குருதிப் புரதத் தொடரின் ஒரு கண்ணியே பிறவியில் இல்லை. உறுப்புச் செயலிழப்பே செப்சிஸ் எனின், உறுப்புகள் அனைத்தும் சுண்டெலியினுடையவாக உள்ள உடலை ‘மனிதமயம்’ என அழைப்பது பெயரளவிலேயே பொருந்தும். மனிதத் திசுக்கள் தேவைப்படுவதால் தாயின் ஒப்புதல் முதலிய அறநெறி வினாக்களும் சேர்கின்றன. விலங்குச் சோதனைகளுக்கான இந்திய விதிகள் 1998இல் வகுக்கப்பட்டபோது இத்தகைய கலப்புயிர் அவற்றின் மையக் கவலையாக இருக்கவில்லை.

மனிதமயமாக்கலில் மற்றொரு வழியும் உண்டு. செல்களை அன்று, குறிப்பிட்ட மரபணுக்களை மட்டும் மாற்றுவது. அதன் தெளிந்த எடுத்துக்காட்டு பிளேக்கிலேயே அமைந்தது. அகநச்சை உடல் அறிந்துகொள்வது டி.எல்.ஆர்.-4 என்னும் ஏற்பி, எம்.டி.-2 என்னும் துணைப்புரதம் ஆகியவற்றின் வழி. பிளேக் நுண்ணுயிரி தெள்ளுப்பூச்சியின் குளிர்ந்த உடலில் வளரும்போது அதன் அகநச்சில் கொழுப்பமிலக் கிளைகள் மிகுதி. 37 பாகை வெப்பமுடைய உடலில் புகுந்ததும் கிளைகளைக் குறைத்துக்கொள்கிறது. குறைந்த கிளையுள்ள வடிவத்தை மனித ஏற்பி சரிவரக் காண்பதில்லை. சுண்டெலியின் ஏற்பியோ அதனையும் கண்டுகொள்கிறது. 2012இல் ஹஜ்ஜார் முதலியோர், தம் ஏற்பியை இழந்து மனித ஏற்பியைப் பெற்ற சுண்டெலிகளை உருவாக்கினர். பிளேக் நுண்ணுயிரிக்கு அவை இயல்பான சுண்டெலிகளைவிட எளிதில் இரையாயின; அவற்றின் அழற்சி எதிர்வினையும் மங்கியிருந்தது. கிளைகள் மிகுந்த அகநச்சுடைய சால்மொனெல்லா, ஈ. கோலை ஆகியவற்றிடம் இருவகைச் சுண்டெலிகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

இச்சுண்டெலி மனிதனாக நடிக்கவில்லை. ஒரு பூட்டு மட்டும் மாற்றப்பட்டு, ஒரு வினா மட்டும் கேட்கப்பட்டது. ஒப்பிடுவதற்கு மாற்றப்படாத சுண்டெலி அருகிலேயே இருந்தது. 2 அங்குலக் கூண்டையும் 2 அடிக் கூண்டையும் அருகருகே வைத்த பரேல் சோதனையின் கட்டமைப்பும் இதுவே. செப்சிஸ் முழுவதையும் ஒரு விலங்கில் மீட்டுருவாக்கும் முயற்சிகளைவிட இம்முறை குறைவாகவே உறுதியளிக்கிறது. அளித்த அளவில் நம்பத்தக்கது. மருந்து நிறுவனங்கள் வேண்டுவது முன்னதை என்பதால், ஆய்வுநிதியும் பெரும்பாலும் அங்கேயே செல்கிறது.

இவ்வாய்வில் தீர்மானிக்கும் காரணி வெப்பநிலை என்பதையும் காண வேண்டும். 1931இல் கிங்கும் பண்டிட்டும் மாகாணத்தின் ஊர்தோறும் தட்பவெப்பத்தையும் தெள்ளுப்பூச்சியையும் ஒப்பிட்டபோது, எந்த இனம் எங்குப் பிழைக்கும் என்பதற்காகவே அதனைக் கணக்கிட்டனர். அதே வெப்பநிலை, தெள்ளின் குடலிலிருந்து மனிதத் தோலுக்குள் கடக்கும் நொடியில் நுண்ணுயிரியின் மேலுறையையும் மாற்றுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தேவாரத்துச் சரிவின் குளிர்ந்த வீட்டொன்றில் அடைப்புற்ற தெள்ளு கக்கிய நுண்ணுயிரி, மனித ஏற்பியால் இன்னும் அறியப்படக்கூடிய மேலுறையோடுதான் உள்ளே நுழைந்திருக்கும். அது தன் மேலுறையை மாற்றிக்கொள்வதற்கு இடைப்பட்ட காலத்தில் கடிவாயின் தோலில் என்ன நிகழ்கிறது என்னும் வினாவை, ஊசியால் தொற்றூட்டப்படும் விலங்கு தொடுவதில்லை. அதற்கு வேண்டியது மனித ஏற்பியுடைய சுண்டெலியும் உயிருள்ள தெள்ளுப்பூச்சியும் ஒரே கூண்டில்.